யானை யாருடையது? ஒரு ரசிகர் மாட் சொல்லித்தரும் பாடம்

இந்த வாரப் பாடம் கேம்ஸ் பத்தி. வீட்டுல யாராவது "எப்பப் பாரு கேம்தானா?"ன்னு கேட்டா, இதைக் காட்டுங்க. உள்ளே கணக்கு இருக்கு, நெட்வொர்க்கிங் இருக்கு, கொஞ்சம் வரலாறும் இருக்கு.

எடுத்துக்கிட்டது ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் 2. அதுக்கு ரசிகர்களே செஞ்ச ஒரு விரிவாக்க மாட், ஃபர்காட்டன் எம்பயர்ஸ். "மறக்கப்பட்ட பேரரசுகள்"னு அர்த்தம். சம்பளம் இல்லாம, ஓய்வு நேரத்துல சிலர் செஞ்ச வேலை அது. பின்னாடி அதிகாரபூர்வமான கேமாவே ஆயிடுச்சு. அது எப்படி நடந்துச்சு, அந்த வழியில நம்ம மொழி எப்படி அந்த கேமுக்குள்ள வந்துச்சு, இந்த ரெண்டையும் பார்க்கப் போறோம்.

1. 1999-ல பட்டியல்ல யார் இருந்தாங்க?

ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் 2: தி ஏஜ் ஆஃப் கிங்ஸ் 1999-ல வந்துச்சு. செஞ்சது என்செம்பிள் ஸ்டூடியோஸ், வெளியிட்டது மைக்ரோசாஃப்ட். ஆடாதவங்களுக்கு ஒரு வரியில சொன்னா: சில ஊராட்களோட தொடங்கி, மரம் வெட்டி, விவசாயம் பண்ணி, தங்கம் தோண்டி, ஊரைக் கட்டி, படை திரட்டி எதிரியோட மோதணும். செஸ் மாதிரி ஆளுக்கொரு முறை காத்திருக்க முடியாது. எல்லாரும் ஒரே நேரத்துல ஆடணும். அதனாலதான் இதை ரியல்-டைம் ஸ்ட்ராட்டஜின்னு சொல்றோம்.

முதல்ல வந்தப்போ 13 நாகரிகங்கள் இருந்துச்சு. பிரிட்டன், ஃபிராங்க், ஜப்பான், சீனா, மங்கோல், பாரசீகம், துருக்கி, வைக்கிங் இப்படி. 2000-ல தி கான்கரர்ஸ் என்கிற விரிவாக்கம் வந்து இன்னும் 5 சேர்ந்துச்சு. மொத்தம் 18.

அந்த 18-ல இந்தியத் துணைக்கண்டத்திலிருந்து ஒண்ணுகூட இல்லை. இன்கா இல்லை. ஸ்லாவ் மக்கள் இல்லை. ஆனா போர்யானை மட்டும் இருந்துச்சு, பாரசீகர்கிட்ட! மத்திய கால உலகத்தைக் காட்டுற கேம்ல யானை வேணும்னு யாரோ யோசிச்சிருக்காங்க. யானைப்படை வச்சிருந்த தெற்காசியாவுக்குத்தான் பட்டியல்ல வரி இல்லை.

இதுல கெட்ட எண்ணம் எதையும் தேடத் தேவையில்லை. கேம் செய்யுறவங்களுக்கு நேரம் கம்மி, பணம் கம்மி. தெரிஞ்சதை முதல்ல செய்வாங்க. ஆனா விளைவு என்னன்னா, அந்த கேமை வச்சே வரலாற்றைத் தெரிஞ்சுக்கிட்ட ஒரு தலைமுறைக்கு நாம இருந்ததே தெரியாது.

2009-ல என்செம்பிள் ஸ்டூடியோஸ் மூடப்பட்டுச்சு. புது விரிவாக்கம் வரும்னு யாரும் எதிர்பார்க்கல. அந்த வெற்றிடத்துலதான் ரசிகர்கள் உள்ளே வந்தாங்க.

2. மாட்-ன்னா சரியா என்ன?

ஒரு கேமை ரெண்டு பாதியா நினைச்சுக்கோங்க.

ஒரு பாதி எஞ்சின். படம் வரையுறது, மவுஸ் கிளிக்கைப் புரிஞ்சுக்கிறது, யூனிட்டுக்கு வழி கண்டுபிடிக்கிறது, நெட்வொர்க்ல பேசுறது எல்லாம் இதோட வேலை. இதை கம்பைல் பண்ணி ஒரே ஃபைலாக் கொடுத்துடுவாங்க. சோர்ஸ் கோட் நம்ம கைக்கு வராது.

இன்னொரு பாதி டேட்டா. எந்த யூனிட்டுக்கு எவ்வளவு உயிர், என்ன விலை, எந்தக் கட்டடத்துல பயிற்சி, எந்த நாகரிகத்துக்கு எது கிடைக்கும், எது கிடைக்காது. எல்லாம் ஒரு பெரிய அட்டவணை. கூடவே படங்கள், ஒலிகள், திரையில வர்ற வாக்கியங்கள்.

ஹோட்டல் சமையலறையை வச்சுப் பாருங்க. அடுப்பும் கேஸ் லைனும் எஞ்சின். மெனுவும் செய்முறைக் குறிப்பும் டேட்டா. அடுப்பைத் தொடாமலே மெனுவை மாத்தலாம். பெரும்பாலான மாட்கள் செய்யுறது அதைத்தான்.

ஆனா ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் 2-வோட அட்டவணை நோட்பேட்ல திறந்து படிக்கிற மாதிரி இல்லை. பைனரி ஃபைல். எந்த பைட் எதைக் குறிக்குதுன்னு நிறுவனம் ஆவணம் கொடுக்கல. ரசிகர்களே வருஷக்கணக்கா ஒவ்வொரு எண்ணா மாத்தி, கேமைத் திறந்து, என்ன மாறுதுன்னு பார்த்து, அந்த வரைபடத்தைக் கண்டுபிடிச்சாங்க. அதுக்கப்புறம் அட்வான்ஸ்டு ஜீனி எடிட்டர் மாதிரியான கருவிகளைச் செஞ்சு இலவசமாக் கொடுத்தாங்க. ஜீனி என்பது அந்த எஞ்சினோட பெயர்.

இன்னொரு குழு யூசர்பேட்ச் என்கிற திருத்தத்தைச் செஞ்சுச்சு. பழைய கேம் புது விண்டோஸ்ல ஓடும்போது நிறங்கள் கெட்டுப்போகும், அகலத் திரையில சரியா நிக்காது. அதையெல்லாம் சரி பண்ணி, மாட்களைத் தனியா நிறுவி ஓட்டவும் வசதி செஞ்சாங்க. ஃபர்காட்டன் எம்பயர்ஸ் குழு வேலையைத் தொடங்கினப்போ இந்த அடித்தளம் ஏற்கனவே போட்டிருந்துச்சு.

முதல் பாடம் இங்கேயே இருக்கு. பேர் வாங்கின மாட்டுக்குக் கீழே, பேர் வாங்காத கருவி வேலை இருக்கு. ஓப்பன் சோர்ஸ் உலகத்துல நீங்க பார்க்கிற அதே கதை.

3. அட்டவணையில என்ன எழுதியிருக்கும்? ஒரு கணக்கு

ஈட்டிவீரனையும் குதிரைவீரனையும் எடுத்துக்குவோம். கேம்ல ஸ்பியர்மேன், நைட்.

ஸ்பியர்மேன்: உயிர் 45, தாக்குதல் 3, குதிரைப்படைக்கு எதிரா கூடுதல் தாக்குதல் 15. கவசம் 0. விலை 35 உணவு, 25 மரம்.

நைட்: உயிர் 100, தாக்குதல் 10, கவசம் 2. விலை 60 உணவு, 75 தங்கம்.

சூத்திரம் ரொம்ப எளிது. ஒவ்வொரு வகைத் தாக்குதல்லயும் அதுக்குரிய கவசத்தைக் கழி. மைனஸ் வந்தா 0-ன்னு வை. எல்லாத்தையும் கூட்டு. மொத்தம் எப்பவும் 1-க்குக் குறையாது.

ஸ்பியர்மேன் ஒரு அடி அடிச்சா: (3 − 2) + 15 = 16. நைட்டை வீழ்த்த 7 அடி வேணும்.

நைட் ஒரு அடி அடிச்சா: 10 − 0 = 10. ஸ்பியர்மேனை வீழ்த்த 5 அடி போதும்.

இன்னொரு எண்ணும் முக்கியம்: ஒரு அடிக்கும் அடுத்த அடிக்கும் இடையில உள்ள நேரம். ஸ்பியர்மேனுக்கு 3 நொடி, நைட்டுக்குச் சுமார் 1.8 நொடி. அப்போ ஒண்டிக்கு ஒண்டி நின்னா நைட் ஜெயிக்கும். ஈட்டிவீரன் 4-வது அடி அடிக்கிறதுக்குள்ள அவன் கதை முடிஞ்சிடும்.

சரி, 2 ஸ்பியர்மேன் ஒரு நைட்டோட மோதினா? ரெண்டு பேரும் சேர்ந்து ஒவ்வொரு 3 நொடிக்கும் 32 அடி. 0, 3, 6-வது நொடிகள்ல ரெண்டு பேரும் அடிச்சா 96, 9-வது நொடியில மிச்சமிருக்கிற ஒருத்தன் அடிச்சா 112 ஆகுது, 100-ஐத் தாண்டிடுச்சு. அதுக்குள்ள நைட் ஒருத்தனைத்தான் வீழ்த்தியிருக்கும். ஆக காகிதக் கணக்குப்படி ரெண்டு ஸ்பியர்மேன் ஜெயிக்கிறாங்க. அவங்க மொத்த விலை 120, நைட் விலை 135. அதோட தங்கம் ஒரு துளிகூடச் செலவில்லை.

இதைத்தான் சமநிலைன்னு சொல்றோம். அந்த 15-ஐ 5-னு மாத்தினா குதிரைப்படையை யாராலும் தடுக்க முடியாது. 25-னு மாத்தினா குதிரையே யாரும் வாங்க மாட்டாங்க. ஒரே ஒரு எண்தான், ஆனா கேமோட குணமே மாறிடும்.

மாட் செய்யுறவங்களுக்கு எண்ணை மாத்துறது கஷ்டம் இல்லை. மாத்தினதுக்கப்புறம் அது மத்த எல்லாரோடவும் ஒத்துப்போகணும். அதுதான் கஷ்டம். 18 நாகரிகம் இருந்தா, ரெண்டு ரெண்டா ஜோடி போட்டா 153 மோதல்கள். ஃபர்காட்டன் எம்பயர்ஸ் 5-ஐச் சேர்த்து 23 ஆக்கினதும் அது 253 ஆயிடுச்சு. புதுசா வந்தது 5 தான். சோதிக்க வேண்டிய புது ஜோடி 100.

4. எண்ணைத் தாண்டின மூணு வேலை

முதல்ல படம். அந்தக் காலத்து கேம்ல யூனிட்கள் 3டி-யா ஓடாது. 3டி-யில செஞ்சு, சின்னச் சின்னப் படங்களா மாத்தி வச்சிருப்பாங்க. ஒரு யூனிட் 8 திசையில பார்க்கணும். அதுல 5 திசைக்குப் படம் செஞ்சு, மீதி 3-ஐக் கண்ணாடி மாதிரித் திருப்பிக்குவாங்க. நிற்க, நடக்க, தாக்க, விழ, சிதைய என 5 அசைவு. ஒவ்வொரு அசைவுக்கும் 10 படம்னு வச்சுக்கிட்டாலும் 10 × 5 × 5 = 250 படம். ஒரே ஒரு யூனிட்டுக்கு! அதுவும் 256 நிறத்துக்குள்ள. அதுல ஒரு சில நிறத்தை ஆட்டக்காரரோட நிறத்துக்காக ஒதுக்கி வைக்கணும், சிவப்பு அணி சிவப்பாவும் நீல அணி நீலமாவும் தெரியுறது அப்படித்தான்.

ரெண்டாவது, கம்ப்யூட்டர் எதிரி. அந்த கேம்ல கம்ப்யூட்டர் எப்படி ஆடணும்னு தனி ஸ்கிரிப்ட் ஃபைல்ல விதிகளா எழுதணும். "இவ்வளவு உணவு இருந்தா அடுத்த யுகத்துக்குப் போ" என்கிற மாதிரி. புது நாகரிகம் வந்தா, அதோட பலம் என்னன்னு அந்த ஸ்கிரிப்ட்டுக்கும் சொல்லிக்கொடுக்கணும். இல்லைன்னா அது தன்கிட்ட இருக்கிற நல்ல யூனிட்டைப் பயன்படுத்தாமலே தோத்துப்போகும்.

மூணாவது, நெட்வொர்க். இது எனக்கு ரொம்பப் பிடிச்ச பகுதி. 28.8 கிலோபிட் மோடம் காலத்துல, நூத்துக்கணக்கான யூனிட்கள் ஓடுற ஆட்டத்தை 8 பேர் எப்படி ஆன்லைன்ல ஆடினாங்க? ஒவ்வொரு வில்வீரனும் எங்கே நிக்கிறான்னு அனுப்பினா அந்த வயர் தாங்காது. என்செம்பிள் குழுவோட தீர்வு இதுதான்: நிலைமையை அனுப்பாதே, கட்டளையை மட்டும் அனுப்பு. "இந்த 40 பேரும் அங்கே போங்க" என்கிற கிளிக் மட்டும் போகும். எல்லார் கம்ப்யூட்டரும் அதே கட்டளையை, அதே கணத்துல, அதே கணக்கோட தன்னிச்சையா நடத்திப் பார்க்கும். எல்லாருக்கும் ஒரே விடை வரும். 2001-ல கேம் டெவலப்பர்ஸ் மாநாட்டுல அந்தக் குழுவைச் சேர்ந்தவங்களே இதை விளக்கிப் பேசினாங்க.

இப்போ யோசிங்க. உங்க கம்ப்யூட்டர்ல ஸ்பியர்மேனோட கூடுதல் தாக்குதல் 15. நண்பரோட கம்ப்யூட்டர்ல மாட் போட்டு 16. முதல் மோதல்லயே ரெண்டு கம்ப்யூட்டரும் வேற வேற உலகத்துக்குப் போயிடும். ஒண்ணுல குதிரைவீரன் செத்துட்டான், இன்னொண்ணுல உயிரோட இருக்கான். கேம் அதைக் கவனிச்சு ஆட்டத்தை நிறுத்திடும். அதனாலதான் மாட் ஆடுற எல்லார்கிட்டயும் ஒரே பதிப்பு இருக்கணும். ஒரு எழுத்து மாறினாலும் ஆகாது. அப்போ பதிப்பு எண், சுலபமான இன்ஸ்டாலர், ஒழுங்கான அப்டேட் இதெல்லாம் அலங்காரம் கிடையாது. அது இல்லைன்னா ஆன்லைன்ல ஆடவே முடியாது.

5. ரசிகர் வேலை அதிகாரபூர்வமானது எப்படி?

2012 முடிஞ்சு 2013 பிறக்கிற நேரத்துல ஃபர்காட்டன் எம்பயர்ஸ் இலவசமா வெளியாச்சு. அஞ்சு புது நாகரிகம்: இத்தாலியர், ஸ்லாவ், மாஜியார், இன்கா, இந்தியர். பழைய கேம் உங்ககிட்ட இருந்தா அது மேல போட்டு ஆடலாம்.

அதே 2013 ஏப்ரல்ல மைக்ரோசாஃப்ட் அந்தப் பழைய கேமை எச்டி பதிப்பா ஸ்டீம்ல கொண்டுவந்துச்சு. திடீர்னு ஒரு புது சந்தை. புது உள்ளடக்கம் தேவை. முழுசா செஞ்சு, ஆயிரம் ஆட்டத்துல உரசிப் பார்த்த ஒரு விரிவாக்கம் பக்கத்துலயே தயாரா இருக்கு. 2013 நவம்பர்ல அது தி ஃபர்காட்டன் என்கிற பேர்ல அதிகாரபூர்வமா விற்பனைக்கு வந்துச்சு. தி கான்கரர்ஸுக்கு 13 வருஷம் கழிச்சு வந்த அடுத்த விரிவாக்கம், ரசிகர்கள் செஞ்சது.

அதோட நிக்கல. அந்தக் குழு ஒரு நிறுவனமாவே மாறுச்சு. 2015-ல தி ஆஃப்ரிக்கன் கிங்டம்ஸ், 2016-ல ரைஸ் ஆஃப் தி ராஜாஸ், 2019-ல டெஃபினிட்டிவ் எடிஷன்னு தொடர்ந்து அவங்க கை இருந்துச்சு. மாலி, எத்தியோப்பியா, பர்மா, கெமர், மலாய், வியட்நாம் எல்லாம் பட்டியலுக்குள்ள வந்தது இந்த வழியிலதான்.

அதிர்ஷ்டமும் இருந்துச்சு, மறுக்கல. ஆனா அதிர்ஷ்டம் வந்து கதவைத் தட்டினப்போ அவங்ககிட்ட முடிச்ச வேலை இருந்துச்சு. பாதி வேலையோட நின்னுபோன மாட்கள் எத்தனையோ. அதுல பல ஐடியா இதைவிடப் பெருசாக்கூட இருந்திருக்கும்.

6. ஒரே வரியில ஒரு துணைக்கண்டம்

இப்போ நம்ம விஷயத்துக்கு வருவோம். "இந்தியர்"னு ஒரு நாகரிகம் வந்துடுச்சு, நல்லது. ஆனா அட்டவணையில அது ஒரே வரி. ஒரு வரியில எத்தனை மக்களை அடைக்க முடியும்?

அதிகாரபூர்வமா வந்தப்போ அந்த நாகரிகத்தை அறிமுகம் பண்ணினது ஒட்டகமும் வெடிமருந்தும் கொண்ட நாகரிகமா. யூனிட்கள் பேசுறது இந்தி. கதைப்பகுதி பிரித்விராஜ் பத்தி. யானை மேல இருந்து அம்பு விடுற வீரன் ஒருத்தன் உண்டு. வடமேற்கு இந்தியாவுக்கு இது பொருந்தும். ஆனா காவிரிக் கரையில ஒட்டகப்படையை வச்சு யாரும் சோழ வரலாறு எழுதல. கடல் கடந்து போன கப்பல்களுக்கு அந்த வரியில தனி இடம் இல்லை.

இங்கே ஒரு விஷயத்தைக் கவனிங்க. 1999 பட்டியல்ல விடுபட்டவங்களைச் சேர்க்கணும்னு கிளம்பினவங்கதான் இவங்க. பேரே மறக்கப்பட்ட பேரரசுகள். அவங்க செஞ்ச அட்டவணையிலயும் சிலர் மறைஞ்சு போனாங்க. நல்ல மனசு இருந்தாலும் வரி கம்மியா இருந்தா யாராவது வெளியேதான் நிக்கணும். டேட்டா பேஸ் வடிவமைக்கிற எல்லாருக்கும் இது பொருந்தும். படிவத்துல "தாய்மொழி" என்கிற இடத்துல எத்தனை தேர்வு கொடுக்கிறோம் என்பதும் இதே கேள்விதான்.

7. 2022: வரி பிரிஞ்சுச்சு

2022 ஏப்ரல்ல டைனஸ்டீஸ் ஆஃப் இந்தியா வந்துச்சு. பழைய "இந்தியர்" இந்துஸ்தானியர்னு மாறினாங்க. கூடவே வங்காளியர், கூர்ஜரர், திராவிடர் என மூணு புது நாகரிகம். மொத்தம் 39 இருந்தது 42 ஆச்சு. ஜோடிக் கணக்கு அப்போ 861 ஆச்சு. ஒரு வரியைப் பிரிக்கிறதோட விலை என்னன்னு இப்போ புரியும்.

திராவிடர் காலாட்படையும் கப்பற்படையும் பலமான நாகரிகம். நைட் கிடையாது. தனி யூனிட் உருமி வீரன். உருமி என்பது வளையுற நீள வாள், சுருள்வாள்னும் சொல்வாங்க. களரியிலயும் சிலம்பத்திலயும் இன்னிக்கும் அதைச் சுழற்றுறவங்க இருக்காங்க. தனிக் கப்பலுக்கு திரிசடைன்னு பேர். கதைப்பகுதியோட நாயகன் ராஜேந்திர சோழன்.

அப்புறம் யூனிட்டைக் கிளிக் பண்ணினா தமிழ் கேக்குது. லண்டன்லயோ டொரோண்டோவிலயோ வீட்டுக்குள்ள மட்டும் கேட்ட மொழி, உலகம் முழுக்க ஆடுற கேம்ல மரம் வெட்டுற ஊராள் வாயிலிருந்து வருது. தமிழ் தெரியாத ஒருத்தர் பிரேசில்ல உக்காந்து அதைக் கேட்டுப் பழகுறார். சின்ன விஷயம்தான். ஆனா சின்னது இல்லை.

இந்த நாகரிகத்துக்குன்னு ஒரு தனித் தொழில்நுட்பம் இருக்கு: வூட்ஸ் ஸ்டீல். தென்னிந்தியாவுல மூசையில, அதாவது மண்குகையில, இரும்பை உருக்கி எடுத்த உயர்தர எஃகு அது. வூட்ஸ் என்கிற சொல்லையே கன்னட "உக்கு", தமிழ் "உருக்கு" என்பதோட பல அறிஞர்கள் சேர்த்துப் பார்க்கிறாங்க. ஈரோடு மாவட்டத்துல நொய்யல் கரையில இருக்கிற கொடுமணல் அகழாய்வுல இரும்பும் எஃகும் செஞ்ச தடயங்கள் கிடைச்சிருக்கு.

இதை கேம்ல எப்படிக் காட்டுறாங்க? மூணாவது பகுதியில பார்த்த சூத்திரத்தை ஞாபகப்படுத்துங்க. தாக்குதல்லருந்து கவசத்தைக் கழிக்கணும். வூட்ஸ் ஸ்டீல் வாங்கினா காலாட்படைக்கும் குதிரைப்படைக்கும் அந்தக் கழித்தலே கிடையாது. 17 தாக்குதல் உள்ள ஒருத்தன் 5 கவசம் உள்ளவனை அடிச்சா வழக்கமா 12. இப்போ 17. வாள் எவ்வளவு நல்லதுன்னு வசனம் எதுவும் எழுதல. ஒரு மைனஸ் குறியைத்தான் எடுத்தாங்க. வரலாற்றை விதியா மாத்துறதுன்னா இதுதான். நல்ல மாட் வடிவமைப்புக்கு இதைவிடச் சுருக்கமான உதாரணம் கிடைக்கிறது கஷ்டம்.

கேள்வி எல்லாம் தீர்ந்துச்சா? இல்லை. "திராவிடர்" என்பது மொழிக்குடும்பத்தைக் குறிக்க 19-ஆம் நூற்றாண்டுல பரவலான சொல். 1856-ல வந்த கால்டுவெல்லோட ஒப்பிலக்கண நூல் அதுல முக்கியம். ராஜேந்திரனோட கல்வெட்டு அவனைச் சோழனாத்தான் பேசும். தமிழ், தெலுங்கு, கன்னடம், மலையாளம் பேசுற நாலு மக்கள் இப்போ ஒரே வரியில. கேமோட வழக்கம் அரசகுலத்தை விட்டுட்டு மக்களைப் பேரா வைக்கிறதா இருந்துச்சு. 2025-ல தி த்ரீ கிங்டம்ஸ் வந்தப்போ சீனாவோட ஷூ, வெய், வூ என்கிற மூணு அரசுகளைத் தனித்தனி நாகரிகமாவே சேர்த்தாங்க. அப்போ சோழர், பாண்டியர், விஜயநகரம்னு கேக்கலாமா? கேக்கலாம். கேட்டா ஜோடிக் கணக்கு இன்னும் ஏறும் என்பதையும் சேர்த்து யோசிக்கணும்.

இன்னொண்ணும் சொல்லணும். ராஜேந்திரன் கதையை ஆடும்போது நாம ஜெயிக்கிற பக்கத்துல இருக்கோம். 1025-ல ஸ்ரீவிஜயத்து மேல போன கடற்படையெடுப்பு கடாரத்துல, அதாவது இன்னிக்கு மலேசியாவோட கெடாவுல, வேற மாதிரிதான் நினைவிருக்கும். ஈழத்துல சோழர் ஆட்சியைப் பத்தியும் ஒரே ஒரு கதை கிடையாது. நம்மளை அட்டவணையில சேர்க்கச் சொல்லும்போது, எதிர்ப்பக்கத்து வரியில யார் இருக்காங்கன்னும் பார்க்குறது நியாயம்.

8. செஞ்சது யாருக்குச் சொந்தம்?

இதை விட்டுட்டா பாடம் முழுமையாகாது. மாட் நீங்க செஞ்சாலும் அது நிக்கிற தரை இன்னொருத்தரோடது. எஞ்சின், கேமோட பேர், பழைய படங்கள் எல்லாம் நிறுவனத்துக்குச் சொந்தம். ஃபர்காட்டன் எம்பயர்ஸ் கதையில நிறுவனமும் ரசிகர்களும் கை குலுக்கினாங்க. எப்பவும் அப்படி நடக்காது.

டோட்டா-வைப் பாருங்க. வார்கிராஃப்ட் 3-க்கு ரசிகர்கள் செஞ்ச ஒரு வரைபடம். அது பெரிய ஹிட் ஆனதுக்கப்புறம் அந்தப் பேர் யாருக்குன்னு பிளிசார்டும் வால்வும் மோதி, 2012-ல உடன்பாடு செஞ்சாங்க. பிறகு 2020-ல வார்கிராஃப்ட் 3-யோட புதுப் பதிப்பு வந்தப்போ, ரசிகர்கள் செய்யுற கஸ்டம் கேம்கள் பிளிசார்டுக்குச் சொந்தம்னு விதியில தெளிவா எழுதிட்டாங்க.

அதனால எதையாவது செய்யத் தொடங்குறதுக்கு முன்னாடி மூணு கேள்வி கேளுங்க. இந்த கேமோட விதிகள்ல மாட் பத்தி என்ன எழுதியிருக்கு? நான் இழைக்கிற படமும் ஒலியும் என்னோடதா, இல்லை வேற கேம்லருந்து எடுத்ததா? குழுவா செஞ்சா யார் என்ன செஞ்சாங்கன்னு எங்கேயாவது எழுதி வச்சிருக்கோமா? மூணாவது கேள்விதான் நட்பைக் காப்பாத்தும்.

9. வீட்டுப்பாடம்

பயப்படாதீங்க, மார்க் கிடையாது. மூணுல ஒண்ணு செஞ்சாப் போதும்.

ஒண்ணு: டெஃபினிட்டிவ் எடிஷன்ல சினாரியோ எடிட்டர் கூடவே வருது. ஒரு நைட்டையும் ரெண்டு ஸ்பியர்மேனையும் எதிரெதிரா நிறுத்துங்க. 3-வது பகுதியில போட்ட காகிதக் கணக்கு சரியா வருதான்னு பாருங்க. அப்புறம் டிரிகர்ல யூனிட்டோட உயிரையோ தாக்குதலையோ மாத்துற வசதி இருக்கு. ஒரே ஒரு எண்ணை மாத்தி, விளைவை எழுதி வைங்க. ஒரு நேரத்துல ஒண்ணு மட்டும். ரெண்டை மாத்தினா எது காரணம்னு தெரியாது.

ரெண்டு: கேமோட வாக்கியங்கள் ஒரு டெக்ஸ்ட் ஃபைல்ல வரிசையா இருக்கும். அதுல 10 வாக்கியத்தை எடுத்துத் தமிழ்ல எழுதிப் பாருங்க. வேலை இல்லாம நிக்கிற ஊராளைக் காட்டுற பட்டனுக்கு என்ன பேர் வைப்பீங்க? "சும்மா நிக்கிறவர்"? "வேலையற்ற குடியானவர்"? ஒரு பட்டன்ல எது அடங்கும்? மொழிபெயர்ப்புல இடமும் ஒரு விதின்னு உடனே புரிஞ்சிடும். கேமுக்குள்ள போடுறதுக்கு முன்னாடி எழுத்துரு தமிழைச் சரியாச் சேர்த்துக் காட்டுதான்னு ஒரே ஒரு வாக்கியத்தை வச்சுச் சோதிங்க. கொம்பும் காலும் இடம் மாறி நின்னா மீதி ஒன்பதும் வீண்.

மூணு: தாத்தா பாட்டிகிட்டயோ, அம்மா அப்பாகிட்டயோ கேளுங்க. "மரம் வெட்டப் போறேன்", "தாக்கு", "என்ன செய்யணும்?" இதையெல்லாம் அவங்க ஊர்ப் பேச்சுல எப்படிச் சொல்வாங்க? யாழ்ப்பாணத்துல ஒரு மாதிரி, மதுரையில ஒரு மாதிரி, பினாங்குல ஒரு மாதிரி வரும். ஃபோன்ல பதிவு பண்ணி வைங்க, அனுமதி கேட்டுட்டு. நாளைக்கு ஒரு மாட்டுக்குக் குரல் வேணும்னா, அதுதான் உங்க முதல் ஒலிக்கோப்பு.

1999-ல யானை பாரசீகர்கிட்ட மட்டும் இருந்துச்சு. அது மாறினதுக்குக் காரணம், சிலர் அந்த பைனரி ஃபைலைத் திறந்து படிக்கக் கத்துக்கிட்டாங்க என்பதுதான். அடுத்த வரியை யார் எழுதப் போறாங்கன்னு பார்ப்போம். செஞ்சு பார்த்ததை எங்களுக்கு எழுதி அனுப்புங்க.

இந்தப் பாடத்துல வந்த சில சொற்கள்

கவசம்: அடி உடம்புல படாம இருக்கப் போடுறது. கேம்ல, தாக்குதல்லருந்து கழிக்கிற எண்.

காலாட்படை: நடந்து போய்ச் சண்டை போடுற படை. "கால்" + "ஆள்" + "படை"ன்னு பிரிச்சுப் பாருங்க.

உருக்கு: எஃகு. "உருக்குறது" என்கிற வினையிலருந்து வந்தது. வெண்ணெயை உருக்கினா நெய், இரும்பை உருக்கினா உருக்கு.

அகழாய்வு: மண்ணைத் தோண்டிப் பழைய வாழ்க்கையின் தடயங்களை ஆராயுறது.

அட்டவணை: வரியும் பத்தியுமா எழுதின பட்டியல். யாருக்கு வரி இருக்கு என்பதுதான் இந்த வாரக் கேள்வி.